ஒபாமாகேர் சண்டை: காப்பீடு யாருக்கு, வரி யாருக்கு?

அமெரிக்க அரசியல் செய்திகளைப் படிக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம் விளங்காமலே இருக்கும். ஒபாமாகேர் என்று சொல்லப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2010-இல் வந்தது. ஆட்சி பலமுறை கைமாறிவிட்டது, உச்ச நீதிமன்றம் மூன்று பெரிய வழக்குகளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது, சண்டை மட்டும் ஓயவில்லை. ஏன்?

மருத்துவரையும் மருந்தையும் பற்றித்தான் சண்டை என்று நினைத்துக்கொண்டு படித்தால் இது புரியாது. யாருக்குக் காப்பீடு கிடைக்கிறது, அதற்கான பணத்தை யார் கட்டுகிறார்கள் என்ற இரண்டும் அந்தச் சட்டத்துக்குள் பின்னிக் கிடக்கின்றன. முதல் பாதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவது பாதி, அதாவது அதிகம் சம்பாதிப்பவர்கள் மீது விதிக்கப்பட்ட வரி, பேச்சில் அதிகம் வருவதில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான அரசு மருத்துவத் திட்டம் கிடையாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கு மெடிகெய்டு. இரண்டுமே 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தவை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேலை பார்க்கும் நிறுவனமே காப்பீடு எடுத்துத் தருகிறது. இந்த வழக்கம் இரண்டாம் உலகப் போரின்போது வேரூன்றியது. 1942-இல் அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகள், சம்பளத்தைக் கூட்ட முடியாததால் காப்பீட்டைக் காட்டி ஆள் சேர்த்தார்கள். அப்படிக் கிடைக்கும் காப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்று 1954-ஆம் ஆண்டு வரிச் சட்டம் உறுதி செய்தது.

இந்த விலக்கு இன்றும் இருக்கிறது. வருமான வரி விகிதம் அதிகமாக உள்ளவருக்கு இதனால் மிச்சமாகும் தொகையும் அதிகம். ஆக, ஒபாமாகேருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அமெரிக்க அரசு காப்பீட்டுக்கு மறைமுகமாக மானியம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதில் பெரிய பங்கு நல்ல சம்பளக்காரர்களுக்குப் போனது. "அரசு ஏன் காப்பீட்டில் தலையிட வேண்டும்?" என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

நடுவில் விழுந்தவர்கள் நிறையப் பேர். சின்னக் கடை நடத்துபவர், சொந்தமாக லாரி ஓட்டுபவர், உணவகத்தில் மணிக்கணக்கில் வேலை பார்ப்பவர் போன்றவர்களுக்கு நிறுவனக் காப்பீடு இல்லை. வயது 65 ஆகவில்லை. மெடிகெய்டு வாங்கும் அளவுக்கு ஏழையும் இல்லை. தனியாகக் காப்பீடு வாங்கப் போனால், சர்க்கரை நோயோ புற்றுநோய் வரலாறோ இருந்தால் கம்பெனி கதவைச் சாத்திவிடும். பெரும்பாலான மாநிலங்களில் அது சட்டப்படி செல்லும். 2010 வாக்கில் காப்பீடே இல்லாதவர்கள் நாலரைக் கோடிக்கும் மேல்.

சட்டம் என்ன செய்தது? ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி யாரையும் மறுக்கக் கூடாது என்றது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்றது. மெடிகெய்டை விரிவாக்கியது. தனியாக வாங்குபவர்களுக்கு அரசு சந்தை ஒன்றை ஏற்படுத்தி, வருமானத்துக்கு ஏற்பப் பிரீமியத்தில் மானியம் கொடுத்தது. அப்புறம், எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்றது. நோய் வந்த பிறகுதான் காப்பீடு வாங்குவேன் என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்கிவிட்டால் மிஞ்சியிருப்பவர்களின் பிரீமியம் ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் அபராதம்.

இந்தக் கட்டாயக் காப்பீட்டு யோசனையை 1989-இல் முன்வைத்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு மையம். 2006-இல் மாசசூசெட்ஸில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. நான்கே ஆண்டுகளில் அதே யோசனை நாடாளுமன்றத்தில் இறுதி ஓட்டெடுப்புக்கு வந்தபோது அவருடைய கட்சியிலிருந்து ஒரே ஒரு ஓட்டுகூட ஆதரவாக விழவில்லை. யோசனை மாறவில்லை, அதைக் கொண்டுவந்த கட்சியும், அதோடு சேர்ந்து வந்த வரியும்தான் மாறியிருந்தன.

பணம் எங்கிருந்து வந்தது?

காப்பீட்டை விரிவாக்க முதல் பத்தாண்டுகளுக்கு ஆகும் செலவு 93,800 கோடி டாலர் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமான சிபிஓ கணக்கிட்டது. கடன் வாங்காமல் செய்வோம் என்று ஒபாமா சொல்லியிருந்தார். இன்னொரு வாக்குறுதியும் தந்திருந்தார்: ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு வரி உயராது. இந்த இரண்டு வாக்குறுதிகளுக்கும் இடையில்தான் சட்டம் வடிவம் பெற்றது.

நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சியினர் நேரடியான வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009 நவம்பரில் 220-க்கு 215 என்று நிறைவேறிய அவர்களின் மசோதா, தனிநபருக்கு 5 லட்சம், தம்பதிக்கு 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5.4 சதவீதக் கூடுதல் வரி போட்டது. பத்தாண்டில் சுமார் 46,000 கோடி டாலர் அதிலேயே வந்துவிடும்.

மேலவையான செனட் வேறு வழியில் போனது. அங்கே மாக்ஸ் பாக்கஸ் தலைமையிலான நிதிக்குழு, குடியரசுக் கட்சியினரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் பேசிப் பார்த்தது. மேய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ குழுவில் மட்டும் ஆதரவாக ஓட்டுப் போட்டார். அவையில் அவரும் எதிர்த்தார். செனட் மசோதாவின் முக்கிய வரி, பிரீமியம் மிக அதிகமுள்ள நிறுவனக் காப்பீடுகளின் மேல் 40 சதவீதம். கேடிலாக் வரி என்று அதற்குப் பெயர். வரி விலக்கு இருப்பதால்தான் நிறுவனங்கள் தேவைக்கு மேல் காப்பீடு தந்து செலவை ஏற்றுகின்றன என்பது பொருளாதார வல்லுநர் பலரின் வாதம். தொழிற்சங்கங்கள் கொதித்தன. சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து வாங்கிய காப்பீடு அது, அதற்கு வரியா என்று கேட்டன. நியாயமான கேள்விதான். அந்தச் சங்கங்கள் ஜனநாயகக் கட்சியின் முதுகெலும்பு என்பதால் கட்சிக்குத் தட்டவும் முடியவில்லை.

இதற்கிடையில் 2010 ஜனவரி 19 அன்று, மறைந்த டெட் கென்னடியின் செனட் இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் கைப்பற்றினார். செனட்டில் ஒரு மசோதாவை முடிவில்லாப் பேச்சால் முடக்கவிடாமல் காக்க 60 ஓட்டு வேண்டும்; ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது இப்போது 59. ஆகவே ஒரு குறுக்குவழி. டிசம்பரில் செனட் ஏற்கெனவே நிறைவேற்றிய மசோதாவைப் பிரதிநிதிகள் சபை அப்படியே ஏற்றுக்கொண்டது (219-க்கு 212). அதில் செய்ய வேண்டிய திருத்தங்களைத் தனி மசோதாவாக, ரீகன்சிலியேஷன் என்ற வழியில் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் வரவு செலவு சம்பந்தப்பட்டவற்றை மட்டுமே தொடலாம். கேடிலாக் வரி 2018-க்குத் தள்ளிப்போடப்பட்டது. அதனால் விழுந்த துண்டை அடைக்கத்தான் 3.8 சதவீத வரி உள்ளே வந்தது.

அந்த 3.8 சதவீதம் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் சம்பளம் வாங்குபவர் ஒவ்வொருவரும் மெடிகேருக்காக 1.45 சதவீதம் கட்டுகிறார். முதலாளி இன்னொரு 1.45 கட்டுகிறார். மொத்தம் 2.9. துப்புரவுப் பணியாளரும் இதே விகிதம், நிறுவனத் தலைவரும் இதே விகிதம். ஆனால் பங்குகளின் டிவிடெண்ட், வட்டி, வாடகை, சொத்து விற்ற லாபம் ஆகியவற்றில் வாழ்பவர் 2012 வரை மெடிகேருக்கென்று ஒரு காசும் கட்டவில்லை.

ஒபாமாகேர் இரண்டு மாற்றங்களைச் செய்தது. இரண்டும் 2013 ஜனவரியில் அமலுக்கு வந்தன. தனிநபருக்கு 2 லட்சம், தம்பதிக்கு 2.5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சம்பளத்துக்குக் கூடுதலாக 0.9 சதவீதம் என்பது ஒன்று. அதே வரம்புகளுக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் முதலீட்டு வருமானத்துக்கு 3.8 சதவீதம் என்பது மற்றொன்று. 2.9-ஐயும் 0.9-ஐயும் கூட்டினால் 3.8 வருகிறது. உழைத்துச் சம்பாதித்த டாலருக்கு என்ன சுமையோ, முதலீட்டில் வந்த டாலருக்கும் அதே சுமை. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் நியாயமாகப் படும் பகுதி இதுதான்.

வரம்பைத் தாண்டினால் மொத்த வருமானத்துக்கும் வரி என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு தம்பதிக்குச் சம்பளம் 2,30,000 டாலர், முதலீட்டு வருமானம் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,70,000. வரம்பைத் தாண்டியது 20,000. முதலீட்டு வருமானம், வரம்பைத் தாண்டிய தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் 3.8 சதவீதம். ஆக வரி 760 டாலர். சொந்த வீட்டை விற்பவர்கள் எல்லோரும் 3.8 சதவீதம் கட்ட வேண்டும் என்று 2010-இல் மின்னஞ்சல்களில் ஒரு வதந்தி ஓடியது. குடியிருந்த வீட்டை விற்றால் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு விலக்கு உண்டு. பெரும்பாலானோரை இந்த வரி தொடவே தொடாது.

நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த 0.9 சதவீதத்தை நேரில் சந்தித்திருக்கும். இருவருக்கும் தலா 1,80,000 டாலர் சம்பளம் என்றால், தனித்தனியாக யாரும் 2 லட்சத்தைத் தொடவில்லை என்பதால் நிறுவனங்கள் எதுவும் பிடிக்காது. சேர்த்துப் பார்த்தால் 3,60,000; வரம்பைத் தாண்டியது 1,10,000. ஏப்ரலில் கணக்குத் தாக்கல் செய்யும்போது 990 டாலர் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வரம்புகள் விலைவாசியோடு சேர்ந்து உயராது. 2013-இல் வைத்த 2.5 லட்சம் இன்றும் 2.5 லட்சம்தான்; அதற்குள் விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. பெரும் பணக்காரர்களை நினைத்துப் போட்ட கோடு, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கீழே உள்ளவர்களையும் பிடிக்கிறது.

மேலே உள்ள சிலர் நழுவிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். எஸ் கார்ப்பரேஷன் என்ற வகை நிறுவனத்தை வைத்து, அதில் தானே வேலையும் பார்ப்பவருக்குக் கிடைக்கும் லாபப் பங்கு சம்பளக் கணக்கிலும் வராது, முதலீட்டுக் கணக்கிலும் வராது. இரண்டு வரியும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க பைடன் அரசு முயன்றது. 4 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 3.8-ஐ 5 சதவீதமாக உயர்த்தவும் 2023-இல் முன்மொழிந்தது. இரண்டும் நடக்கவில்லை.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடு கேட்க வேண்டும். மெடிகேர் வரி, வேலை செய்யும் காலத்தில் கட்டி முதுமையில் பலன் பெறும் காப்பீட்டுச் சந்தா போன்றது. அதைப் பணக்காரரிடமிருந்து வாங்கி ஏழைக்குத் தரும் கருவியாக மாற்றியது தவறு என்கிறார்கள். 3.8 சதவீத வரியின் பணம் மெடிகேர் நிதிக்குப் போகாமல் அரசின் பொதுக் கணக்குக்கே போவதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அது உண்மை. முதலீட்டுக்கு வரி போட்டால் முதலீடு குறையும் என்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வரம்புக்கு மேல் வரும் லாபத்தில் நூறு டாலருக்கு 3.80 டாலர் போகிறது என்பதற்காகப் பங்குகளை வாங்காமல் விடுபவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. இடதுபக்கத்திலிருந்து வரும் விமர்சனம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கனடாவிலும் பிரிட்டனிலும் மருத்துவத்துக்கு எல்லோரும் வரி கட்டுகிறார்கள், எல்லோரும் பலன் பெறுகிறார்கள். அதனால் அதைத் தொட எந்தக் கட்சியும் தயங்குகிறது. 2.5 லட்சத்துக்குக் கீழே யாரையும் தொட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், ஒபாமாகேர் ஒரு சிலர் கட்ட வேறு சிலர் பெறும் திட்டமாகவே பலர் கண்ணில் நின்றுவிட்டது.

எந்த வரி பிழைத்தது?

சட்டத்தில் வேறு வரிகளும் இருந்தன. மருத்துவக் கருவிகளுக்கு 2.3 சதவீதம், காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தனிக் கட்டணம், தள்ளிப்போடப்பட்ட கேடிலாக் வரி. இந்த மூன்றையும் 2019 டிசம்பரில் இரண்டு கட்சிகளும் சேர்ந்து ரத்து செய்தன. ஒபாமாகேர் என்றாலே கத்தியை எடுத்த இரண்டு கட்சிகளும் இதில் மட்டும் எப்படிக் கைகோத்தன? ஒவ்வொரு வரிக்கும் எதிராகப் பணபலமும் ஆள்பலமும் உள்ள ஓர் அமைப்பு நின்றது. கருவி நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், முதலாளிகளோடு சேர்ந்து தொழிற்சங்கங்கள். அதிக வருமானக்காரர்கள் மீதான இரண்டு வரிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

அவற்றை ஒழிக்க முயலாமலும் இல்லை. 2017-இல் டிரம்ப் அதிபர், இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சி வசம். மே 4 அன்று பிரதிநிதிகள் சபையில் 217-க்கு 213 என்று நிறைவேறிய மசோதா இந்த இரண்டு வரிகளையும் நீக்கியது. அதோடு மெடிகெய்டையும் மானியத்தையும் வெட்டியது. 2026-க்குள் மேலும் 2.3 கோடிப் பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்று சிபிஓ சொன்னது. வரிக் குறைப்பும் காப்பீட்டு இழப்பும் ஒரே காகிதத்தில் இருந்தன. ஏழைகளின் சுமையை ஏற்றிவிட்டுப் பணக்காரர்களின் வரியைக் குறைப்பது சரியல்ல என்று டென்னசி செனட்டர் பாப் கார்க்கரே எதிர்த்தார். அவரும் குடியரசுக் கட்சிக்காரர். ஜூலையில் வந்த செனட்டின் திருத்திய வரைவில் இரண்டு வரிகளும் திரும்ப வந்துவிட்டன. கடைசியில் எல்லாவற்றையும் சுருக்கிக் கொண்டுவந்த மசோதாவும் ஜூலை 28 நள்ளிரவுக்குப் பின் 49-க்கு 51 என்று தோற்றது. ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா முர்கவ்ஸ்கி மூவரும் சொந்தக் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த வரிச் சட்டம் கட்டாயக் காப்பீட்டுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியதோடு நின்றது.

வாஷிங்டனில் கட்சிக் கோடு இவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வாக்காளர்கள் அப்படியே இருப்பதில்லை. மெடிகெய்டு விரிவாக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா, ஓக்லஹோமா, மிசௌரி, தெற்கு டகோட்டா எல்லாம் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். அங்கே சட்டமன்றங்கள் மறுத்ததை மக்கள் நேரடி வாக்கெடுப்பில் கொண்டுவந்தார்கள். டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் இன்னும் வரவில்லை. அந்த மாநிலங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பெரியவர்கள் பலருக்கு மெடிகெய்டும் இல்லை, சந்தை மானியமும் இல்லை. மானியம் வறுமைக் கோட்டுக்கு மேலேதான் தொடங்குகிறது. கீழே உள்ளவர்களை மெடிகெய்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்பிச் சட்டத்தை எழுதிவிட்டார்கள். நாட்டிலேயே மிக ஏழைகளுக்கு உதவி இல்லாமல் போனது இப்படித்தான்.

2025-க்கு வருவோம். ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டம் 2017-இன் வரிக் குறைப்புகளை நிரந்தரமாக்கியது. விரிவாக்கத்தில் மெடிகெய்டு பெறுபவர்களில் பெரும்பாலோர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூக சேவையோ செய்ததைக் காட்ட வேண்டும் என்றது. செனட்டில் 50-க்கு 50. துணை அதிபர் வான்ஸின் ஓட்டால் நிறைவேறியது. 3.8 சதவீத வரியை இந்தச் சட்டமும் தொடவில்லை. ஆனால் மற்ற வரிகளில் கிடைத்த குறைப்பு மேல்தட்டுக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தச் சட்டம் நீட்டிக்காமல் விட்டது ஒன்று உண்டு, கூடுதல் சந்தை மானியம். 2021-இல் கோவிட் காலத்தில் மானியத்தை உயர்த்தி, வறுமைக் கோட்டைப் போல நான்கு மடங்குக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கும் நீட்டியிருந்தார்கள். அது 2025 டிசம்பர் வரைதான். நீட்டிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி நின்றது. அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அரசு அலுவலகங்கள் முடங்கின. நீட்டிப்பு கிடைக்காமலே முடக்கம் முடிந்தது, டிசம்பரோடு உயர்த்திய மானியமும் முடிந்தது. 2026 காப்பீட்டுக்கு அந்த நான்கு மடங்குக் கோடு தனிநபருக்கு 62,600 டாலர். சொந்தத் தொழில் செய்யும் அறுபது வயதுக்காரர் ஒருவர் அதற்கு மேல் ஒரு டாலர் சம்பாதித்தாலும் மானியம் முழுவதும் போய்விடும்; அந்த வயதில் பிரீமியம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர். 2 லட்சம் டாலர் கோட்டை ஒரு டாலர் தாண்டிய முதலீட்டாளர் கூடுதலாகக் கட்ட வேண்டியது நான்கு சென்ட்டுக்கும் குறைவு.